கேட்டமரானில் குடியிருக்கலாமா? கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் கடல் புதுச்சேரிதான். திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் போனால் 200 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் ஊருக்கு வரும்போதெல்லாம் படகு பற்றிய கேள்விகள் ஓய்வதில்லை. ஆண்டின் ஒரு பகுதியை நான் தாய்லாந்து, மலேசியக் கரைகளில் ஒரு கேட்டமரானில் கழிப்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. ஓசூரில் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வுபெறப் போகிறவர்கள், பர்கூர் ஜவுளிக்கடைக்காரர், பாலக்கோட்டு அத்தை எனப் பலரும் கேட்டதை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எந்த மாதிரிப் படகு?

நீளமான, ஒல்லியான இரண்டு அடிக்கூடுகள். அவற்றை ஹல் என்பார்கள். இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு தளம், அதன்மேல் கூடமும் சமையலறையும். படுக்கையறைகளும் குளியலறைகளும் கீழே ஹல்களுக்குள். பாய்மரம் ஒன்று, டீசல் எஞ்சின் இரண்டு. நாற்பது அடிப் படகின் அகலம் ஏறக்குறைய 22 அடி. தண்ணீருக்குள் இருப்பது 1.2 மீட்டர் அளவுதான். ஒகேனக்கல் பரிசல் போலத்தான் இதுவும்: அகலம் கொடுக்கிற தைரியத்தில் ஆழமில்லாத இடத்திலும் நிற்கும். ஆனால் சுற்றாது, கவலை வேண்டாம்.

ஒற்றை ஹல் பாய்மரப் படகைவிட இது நல்லதா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. ஒற்றை ஹல் படகின் அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்கும். அலை சாய்த்தாலும் அந்தக் கனம் நிமிர்த்திவிடும். திலிப் தோண்டே 2009-10இல் தனியாக உலகைச் சுற்றியதும், அபிலாஷ் டோமி 2012-13இல் எங்கும் நிற்காமல் சுற்றியதும் கோவாவில் கட்டிய மாதேய் என்ற ஒற்றை ஹல் படகில்தான். தென்கோடிக் கடலுக்கு அதுதான் சரி.

நாம் பேசுவது அந்தப் பயணம் இல்லை. வெப்பமண்டலத் தீவுகளுக்கு நடுவே மெதுவாகப் போய், ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டு, நாள் கணக்கில் இருப்பது. உலகம் சுற்றுகிறவர்கள்கூடப் பெரும்பாலான நாட்களை நங்கூரத்தில்தான் கழிக்கிறார்கள். அப்போது ஒற்றை ஹல் படகு பக்கவாட்டில் உருண்டுகொண்டே இருக்கும். கேட்டமரான் மேசைமேல் வைத்த டம்ளர் நகராமல் நிற்கும். குடியிருக்கத்தான் என்றால் கேட்டமரானே என் தேர்வு.

கவிழ்ந்துவிட்டால்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நேராகச் சொன்னால், கேட்டமரான் கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஆனால் அடியில் ஈயக்கனம் இல்லாததால் பெரும்பாலும் மூழ்காமல் மிதந்துகொண்டிருக்கும். அடியிலிருந்து வெளியேற ஹல்லில் அவசரக் கதவு வைத்திருப்பார்கள். குடும்பங்கள் வாங்கும் கனமான வகைகள் கவிழ்வது அரிது. கவிழ்வதில் பெரும்பகுதி காற்றுக்கு மிஞ்சிய பாய் விரித்திருப்பதால்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒற்றை ஹல் படகு காற்று மிஞ்சினால் சாய்ந்து எச்சரிக்கும். கேட்டமரான் சாயாது, எல்லாம் சுகமாக இருப்பது போலவே காட்டும். அதனால் உடம்பு சொல்வதை நம்பாமல் காற்றுமானி காட்டும் எண்ணைப் பார்த்துப் பாயைச் சுருக்க வேண்டும். பல படகுகளில் 18 முதல் 20 நாட் வேகக் காற்றுக்கு, அதாவது மணிக்கு சுமார் 35 கிலோமீட்டருக்கு, முதல் சுருக்கம். படகோடு வரும் கையேட்டில் அட்டவணையே இருக்கும். இரவு என்றால் சாயங்காலமே சுருக்கிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

எத்தனை அடி வாங்கலாம்?

கணவன் மனைவிக்கு 38 முதல் 42 அடி போதும். எப்போதாவது வரும் பிள்ளைகளுக்காக 50 அடி வாங்காதீர்கள். நீளம் கூடக்கூட பாய், கயிறு, பெயின்ட், துறைமுக வாடகை எல்லாம் அதைவிட வேகமாகக் கூடும். அகலமான படகு என்பதால் பல மெரினாக்களில் (வாடகைக்குப் படகு கட்டும் துறைகளில்) அதே நீள ஒற்றை ஹல் படகைவிட ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரண்டு மடங்குகூட வாங்குவார்கள்.

எந்தக் கம்பெனிப் படகு நல்லது?

பிரான்சின் லகூன், ஃபோன்டெய்ன் பஜோ, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கட்டப்படும் லெப்பர்ட் ஆகிய மூன்றும்தான் சந்தையில் அதிகம் கண்ணில் படும். இடவசதிக்கும் மறுவிற்பனைக்கும் இவை. அவுட்ரிமர், கட்டானா வகைகள் ஒல்லியாக, வேகமாக ஓடும். தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் பலகைகள் இருப்பதால் காற்றை எதிர்த்தும் நன்றாக ஏறும். விலையும் அதற்கேற்றபடி. பெயரைவிட எந்தத் துறைமுகத்திலும் உதிரிபாகம் கிடைக்குமா என்பதைப் பார்க்கிறவன் நான்.

உள்ளே போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விற்பவர் சோபாவையும் விளக்குகளையும் காட்டுவார். நீங்கள் முதலில் வெளியே போய், இரண்டு ஹல்லுக்கும் நடுவில் இருக்கும் தளத்தின் அடிப்பக்கம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நாற்பது அடிப் படகில் 70, 80 சென்டிமீட்டராவது இருந்தால் நல்லது. குறைந்தால், எதிர் அலையில் ஓடும்போது அடியிலிருந்து சம்மட்டி அடிப்பது போல மோதும். தட்டு குதிக்கும், பேச்சு நிற்கும், தூக்கம் போகும். பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது. மெத்தையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது அறைகளின் அமைப்பு. வாடகைக்காகக் கட்டியதில் நான்கு அறை, நான்கு குளியலறை இருக்கும். நான்கு குளியலறை என்றால் நான்கு பம்ப், நான்கு கழிவுத் தொட்டி, நான்கு இடத்தில் பழுது. உரிமையாளர் வகையில் ஒரு ஹல் முழுவதும் ஒரே தம்பதிக்கு: பெரிய கட்டில், மேசை, தனிக் குளியலிடம். குடியிருக்கப் போகிறவர்களுக்கு அது வேறு வாழ்க்கை.

கட்டிலில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். குறுக்கே போட்ட கட்டில் என்றால் உள்பக்கம் படுத்தவர் நடு இரவில் மற்றவரைத் தாண்டித்தான் எழ வேண்டும். ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஓட்டுநர் நிற்கும் இடத்துக்கு மேலே கூரை உண்டா? வெயிலைச் சமாளிக்க முடியாத இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். மேல்மாடியில் சுக்கான் வைத்த படகுகளில் காட்சி அருமை. ஆனால் ஓட்டுபவர் குடும்பத்திலிருந்து பிரிந்து தனியாக மேலே இருப்பார். பாயும் உயரே போய்விடும். எனக்குக் கூடத்தின் சுவரை ஒட்டி, அரைமாடி உயரத்தில் இருக்கும் சுக்கான்தான் பிடிக்கும்.

பெரிய படகுதானே, சாமான் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாமா?

கூடவே கூடாது. இடம் இருக்கிறதே என்று அடைப்பதுதான் கேட்டமரானைக் கெடுக்கும். ஒல்லியான ஹல் கொஞ்சம் எடைக்கே நன்றாக அமிழும். அமிழ்ந்தால் வேகம் போகும், நடுத்தளம் தண்ணீரை நெருங்கும், சம்மட்டி அடி கூடும். நாற்பதடிப் படகை இரண்டு, மூன்று டன் வரை சுமக்கத்தான் வடிவமைத்திருப்பார்கள். அதில் தண்ணீர், டீசல், சங்கிலி, கரைக்குப் போய்வரும் சின்னப் படகு, ஆட்கள் எல்லாம் அடங்கும். 600 லிட்டர் தண்ணீரே 600 கிலோ. கணக்குப் போட்டால் உங்கள் வெண்கலப் பானைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் இடமில்லை என்பது தெரியும்.

கனமானதை நடுவில், தாழ்வாக வைக்க வேண்டும். முன்மூக்கில் எதையும் அடைக்காதீர்கள்.

குடிக்க, குளிக்கத் தண்ணீர்?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்க்காரர்களிடம் பாதி பதில் ஏற்கெனவே இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது என்பது தர்மபுரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன் பல்லில் கறையோடு வளர்ந்தவர்கள், ஆர்.ஓ. கேனை நம்பி இருந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். படகிலும் அதே ஆர்.ஓ.தான். வேலைதான் கடினம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வீட்டு ஆர்.ஓ.வுக்குச் சில பார் அழுத்தம் போதும். கடல்நீருக்கு 55, 60 பார் வேண்டும்.

ஆற்றலை மீட்டுப் பயன்படுத்தும் வகை இயந்திரங்கள் லிட்டருக்குச் சுமார் 4 வாட்-மணி மின்சாரத்தில் தண்ணீர் தரும். மணிக்கு 60 லிட்டர் வகை என்றால் தம்பதிக்குத் தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் தாராளம். துறைமுகத்துக்குள் ஓட்டாதீர்கள், எண்ணெய் கலந்த நீர் உப்பைப் பிரிக்கும் சவ்வைப் பாழாக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் சவ்வுக்கு ஆகாது. அதனால் இயந்திரத்தைக் கழுவும் நீர் கார்பன் வடிகட்டி வழியாகத்தான் போக வேண்டும். வாரக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே நாறிவிடும். ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் அது நலமாக இருக்கும்.

இயந்திரம் இருந்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டருக்குள் பழகிக்கொள்ளுங்கள். கடலில் முங்கி எழுந்து, ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினால் குளியல் முடிந்தது. குடத்துக்குக் கணக்குப் பார்த்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பாடமே இல்லை; இந்த விஷயத்தில் ஐரோப்பியர்களைவிட நம் அத்தைமார் தேர்ச்சி.

கரண்ட் எப்படி? கிரைண்டர் ஓடுமா?

ஓடும். கூரையில் 1,200 வாட் சோலார் போட்டால், வெயில் நன்றாக அடிக்கும் நாளில் 4 யூனிட் வரை கிடைக்கும். பாய்மரத்தின் நிழல் தட்டின் மீது விழுந்தால் குறையும். செலவுப் பக்கம்: ஃபிரிட்ஜும் ஃப்ரீசரும் சேர்ந்து ஒன்று, ஒன்றரை யூனிட். விசிறி, விளக்குகள் அரை யூனிட். செயற்கைக்கோள் இணையப் பெட்டியை நாள் முழுக்க வைத்திருந்தால் அதுவே ஒரு யூனிட்டுக்கு மேல், இரவில் அணைத்துவிடுங்கள். 12 வோல்ட் 600 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரித் தொகுப்பில் ஏழு யூனிட்டுக்கு மேல் சேமிக்கலாம்.

இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரின் மோட்டார் 150 வாட் அளவு. முக்கால் மணி நேரம் அரைத்தாலும் 0.1 யூனிட்தான். கிரைண்டர் சாதுதான், மிக்ஸிதான் தொடங்கும்போது இழுக்கும். நல்ல இன்வெர்ட்டர் வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு, பேட்டரி நிறைந்த பிறகு அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டிய படகில் 110 வோல்ட் இருக்கும். நம்மூர் மிக்ஸியைக் கொண்டுபோய்ப் பயனில்லை.

புழுக்கம் தாங்குமா? ஏசி வேண்டாமா?

ஓசூர்க் குளிருக்குப் பழகியவர்கள் முதல் வாரம் திணறுவார்கள். ஆனால் நங்கூரத்தில் நிற்கும் படகு பெரும்பாலும் காற்றைப் பார்த்தே நிற்கும். முன்பக்க மேல்சன்னலைத் திறந்தால் காற்று உள்ளே நுழைந்து பின்வாசல் வழியாகப் போகும். படகு வாங்குமுன் கட்டிலுக்கு நேர்மேலே திறக்கும் சன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த படகைப் பாருங்கள். மெரினாவில் கட்டினால் காற்று வராது, கொசு வரும், பக்கத்துப் படகின் பாட்டும் வரும். நங்கூரம்தான் சுகம்.

ஏசி ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோவாட் கேட்கும். இரவு முழுக்க ஓட்ட ஜெனரேட்டரோ பெரிய பேட்டரியோ வேண்டும். கூரைத்துணியும் 12 வோல்ட் விசிறியும் போதும் என்பது என் கட்சி. என் மனைவி வேறு கட்சி.

களி, இட்லி எல்லாம் செய்ய முடியுமா?

கேழ்வரகு மாவு காற்றுப் புகாத டப்பாவில் நன்றாகத் தாங்கும். நங்கூரத்தில் படகு ஆடாது என்பதால் களி கிண்டுவதில் சிரமமில்லை. ஓடும்போது கொதிக்கும் பாத்திரத்தின் பக்கமே போகாதீர்கள். இட்லி மாவு அந்தச் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும், பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். புளி, கொள்ளு, அவரைக்கொட்டை, மாங்காய் ஊறுகாய் எல்லாம் மாதக்கணக்கில் இருக்கும். பிரஷர் குக்கர் கட்டாயம்: கேஸும் மிச்சம், மூடியும் பூட்டியிருக்கும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். அதனால் சிலிண்டரை வெளியே, கடலுக்குள் வடியும் துளை உள்ள தனிப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடுங்கள். நாட்டுக்கு நாடு சிலிண்டர் வாய் மாறும் என்பதால் பலர் இப்போது இண்டக்‌ஷனுக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம், மாம்பழம் வந்த அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றாதீர்கள். அட்டையின் மடிப்பில் கரப்பான் முட்டை வரும். கரையிலேயே பிரித்து, பழத்தை மட்டும் ஏற்றுங்கள்.

கழிவறை?

சாப்பிட்டுச் செரித்ததைத் தவிர வேறெதையும் போடக்கூடாது, டிஷ்யூகூடத் தனிக் கூடையில். கழிவுத் தொட்டியை எங்கே திறக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. மின்சார வகை வசதி, கைப்பம்ப் வகை நம்பகம்.

வாந்தி வருமா?

சிலருக்கு வரும். கேட்டமரான் உருளாது, ஆனால் வெடுக்வெடுக்கென்று குலுங்கும். ஒற்றை ஹல்லில் நன்றாக இருந்தவருக்கு இதில் தலை சுற்றலாம். மாத்திரை என்றால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், மருத்துவரைக் கேட்டு. வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். கீழே ஹல்லுக்குள் போய் செல்போன் பார்த்தால் வந்தே தீரும்.

மாமியாருக்கு மூட்டுவலி. வரலாமா?

தாராளமாக. கூடம், சமையலறை, பின்திண்ணை மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கும் படகாகப் பாருங்கள். ஹல்லுக்குள் இறங்கத்தான் செங்குத்தான நான்கைந்து படி. பல படகுகளில் கூடத்து மேசையை இறக்கினால் கட்டிலாகிவிடும், அங்கேயே படுக்கட்டும். அவருக்கு உண்மையான சிரமம் சின்னப் படகிலிருந்து இதில் ஏறுவதுதான். கைப்பிடியும் அகலமான பின்படியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீச்சல் தெரியாதே?

கிணற்றில் கேன் கட்டிப் பழகினால்கூடப் போதும், ஆனால் பழகிவிட்டு வாருங்கள். ஓடும்போதும் இரவிலும் லைஃப் ஜாக்கெட் அவசியம். பிள்ளைகள் இருந்தால் ஓரக்கம்பி முழுவதும் வலை கட்டுங்கள்.

இரவில் நங்கூரம் பெயர்ந்துவிட்டால்?

நங்கூரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நாற்பதடிக்கு 25 கிலோவோ அதற்கு மேலோ, 10 மில்லிமீட்டர் சங்கிலி 60 மீட்டருக்குக் குறையாமல். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள். இரண்டு ஹல்லிலிருந்தும் கயிறு கட்டி, அந்தக் கயிறுகள் சங்கிலியைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் படகு இடதும் வலதும் அலையும். போட்டதும் எஞ்சினைப் பின்னுக்குக் கொடுத்து இழுத்துப் பார்த்து, செல்போனில் நங்கூர அலாரம் வைத்துவிட்டுத் தூங்கலாம்.

விலை என்ன ஆகும்?

பத்துப் பதினைந்து வயதான நாற்பதடிப் படகு 2 முதல் 3 லட்சம் யூரோ. புதியது 5 லட்சம் யூரோவுக்குக் கீழே நினைக்க வேண்டாம். வருடப் பராமரிப்புக்கு படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குவது இந்தத் தொழிலில் உள்ள பழைய கணக்கு. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு 2.5 லட்சம் டாலர். ஆடிட்டரிடம் முதலில் பேசுங்கள். இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் தலையைச் சுற்ற வைக்கும்.

பழையது வாங்கும்போது படகைப் பரிசோதிக்க நீங்களே நியமித்த சர்வேயர் வேண்டும், விற்பவர் காட்டுகிறவர் ஆகாது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடியில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தட்டியும் மானி வைத்தும் பார்ப்பார். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள்.

எங்கே கற்றுக்கொள்வது?

சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. சின்னப் பாய்ப்படகில் காற்றைப் படிக்கப் பழகினால் பெரிய படகு எளிது. கிரீஸில் ஆளில்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுக்கச் சான்றிதழ் கேட்பார்கள். குரோஷியாவில் ரேடியோ சான்றிதழும் சேர்த்து. எதுவும் இல்லாதவர்கள் கேப்டனோடு சேர்த்து எடுக்கலாம்.

ஆயுத பூஜைக்குப் படகுக்குப் பொட்டு வைப்பீர்களா?

எஞ்சினுக்கும் சுக்கானுக்கும் வைப்போம். தேங்காயை டெக்கில் உடைக்காதீர்கள், மேல்பூச்சு விரிசல் விடும்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். தாய்லாந்தின் ஃபுக்கெட் பக்கம் என்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வாடைக்காற்று மிதமாக, பங்கா வளைகுடாவில் அலையில்லாமல் இருக்கும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை. கேப்டனோடு எடுங்கள், நான்கு பேருக்கு மேல் வேண்டாம். மெரினாவில் ஒரு இரவுக்கு மேல் கட்டாதீர்கள். நங்கூரத்தில் தூங்கினால்தான் அந்தப் படகு உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். இரண்டு நாளாவது நீங்களே சமையுங்கள், பேட்டரி மானியைக் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் வேண்டாம், படகில் அதை வைக்க இடமே இருக்காது; மடித்துச் சொருகக்கூடிய துணிப்பை ஆளுக்கு ஒன்று போதும். செருப்பு ஏறும் இடத்திலேயே கூடையில் கிடக்கும், படகில் எல்லோரும் வெறுங்கால்தான்.